பொதுக்கொப்பியில் நாற்பது தப்புகள்

…சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும், மூன்று ஸ்டோரும் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கட்டும், ஹட்டன் கடைத்தெருவில் சாரி மடித்துப் பழகியவளுக்குத் தேயிலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கட்டும், சிரித்த கையோடு எழுதுகிறார்களா இல்லையா, அதுதானே எனக்கு வேண்டும், என்று நினைத்த ஸாலிஹாவின் உதடு தானாக விரிந்துவிட்டது. மடியில் முட்டைக்கோவா மூட்டையோடு பக்கத்தில் இருந்த மனிதர், தன்னைப் பார்த்துத்தான் இந்தப் பெண் சிரிக்கிறாளோ என்று மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். டயகம பஸ் கொட்டகலையைத் தாண்டி வளைந்தது, நடத்துநர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று ஆட்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார், முன்னுக்கு என்றால் எங்கே போவது, சாரதியின் மடியிலா… கைப்பேசியைத் திறந்தாள், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை, இந்த மலைகளுக்கு நடுவில் அது பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி, வரும், தலையைக் காட்டும், போய்விடும். கடைசியாகப் பார்த்தபோது நூற்றுப் பதினெட்டுப் பேர். நூற்றுப் பதினெட்டு! கம்பனி டிரெக்டர் கேட்டது முப்பது. முப்பது பேர் எழுதியதைக் காட்டு, இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்றுதானே சொன்னார், அவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை, கொழும்புக்காரர் அல்லவா, 'மாத முடிவில் மீளாய்வு செய்வோம்' என்றார், துணிக்கடையில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லின் மறுபக்கத் தையல் தெரியாதா என்ன.

பத்து மணிக்குக் கூட்டம், மேல் ஸ்டோரில். ஸ்டோர் என்பது தோட்டத்து ஆட்களின் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை, கம்பனிக்கு இந்தப் பக்கத்தில் மூன்று இருந்தன, மேல் ஸ்டோர், கீழ் ஸ்டோர், பாலத்து ஸ்டோர், மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸாலிஹா. ஆட்கள் எழுதுவதற்கான நோட்டுக் கொப்பி ஒன்றுக்குக் கம்பனி வைத்தது மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளமான ஆங்கிலப் பெயர், ஆட்கள் அதைப் பொதுக்கொப்பி என்று வெட்டித் தைத்துவிட்டார்கள், உடம்புக்குச் சரியாக இருந்தது. கைப்பேசியில் திறக்கிற கொப்பி, மூன்று ஸ்டோரிலும் வேலை செய்கிற எவரும் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கலாம், திருத்தலாம், யார் எப்போது திருத்தினார் என்று அடியில் பெயரும் தேதியும் விழும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். கொழுந்தை மாடியில் பரப்பி எவ்வளவு நேரம் வாட்டுவது, வாடியதைப் பிசையும் ரோலர் முனகினால் எங்கே கையை வைத்துப் பார்ப்பது, டிரையரின் சூடு எத்தனை, இதெல்லாம் தலைகளுக்குள் கிடந்தன, தலைகள் ஓய்வு பெற்றுப் போகும்போது கூடவே போயின, அதை இறக்கி வைக்கத்தான் கொப்பி. இன்றைக்கு டிரெக்டர் தலையை ஆட்டினால் கொப்பி இருக்கும், அவளும் இருப்பாள். ஆட்டாவிட்டால் மாத முடிவோடு ஒப்பந்தம் முடிந்தது, தம்பி ஸஜ்ஜாத் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் சுழல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டே விட்டான், அதன் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை, "ராத்தா, ஒங்கட கொப்பில எத்தின பேர் எழுதீக்கிறாங்க, நீங்களும் ஒங்கட நெழலுமா?" என்று ஒவ்வொரு நாளும் இடியப்பத்தோடு சேர்த்து அதையும் பரிமாறினான். இருடா, இன்றைக்குச் சாயங்காலம் வருகிறேன், அந்த நாற்காலியில் நீயே சுற்று.

ஆனால் முதல் மூன்று மாதம்… நினைத்தால் இப்போதும் காது சுட்டது. கம்பனி சொன்னபடியெல்லாம் செய்தாள், வகுப்பு வைத்தாள், ரோல்ஸும் பட்டீஸும் கொடுத்தாள், 'பகிர்வோம் வளர்வோம்' என்று நெஞ்சில் எழுதிய பச்சை டீ-சேர்ட் கொடுத்தாள், எல்லோரும் வந்தார்கள், ரோல்ஸைச் சாப்பிட்டார்கள், டீ-சேர்ட்டை வொலிபோல் மெட்சுக்குப் போட்டார்கள், மேல் ஸ்டோர் அணி அந்தப் பச்சையில் கோப்பையே வாங்கிவிட்டது. கொப்பியில் விழுந்தது இரண்டே இரண்டு. ஒன்று 'டெஸ்ட்'. மற்றது ரோஜாப்பூவுக்கு மேல் 'இனிய காலை வணக்கம்'. மேல் ஸ்டோர் அழகனைக் கூப்பிட்டுக் கேட்டாள், கெஞ்சினாள், அழகண்ணே, கொழுந்து மாடியில இருபது வருசமா நிக்கிறீங்க, ரெண்டு வரி எழுதுங்களேன் என்றாள், அழகன் காதுக்குப் பின்னால் சொறிந்தபடி, "எழுதலாம் மிஸ்… எழுதலாம்…" என்றார், அந்த இரண்டாவது 'எழுதலாம்' இருக்கிறதே, 'நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன், எடுத்து வையுங்க' என்று சொல்லிவிட்டுக் கடைப்படி இறங்குகிற வாடிக்கையாளரின் குரல் அது, அவர் வரமாட்டார் என்று கடையில் தொங்கும் ஹேங்கருக்குக்கூடத் தெரியும்.

ஏன் எழுதவில்லை? சோம்பலா? இல்லை. தெரியாமலா? தெரியாமல் எப்படி, அந்தக் கைகள் கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கி விட்டுப் பார்த்தே இன்னும் இரண்டு மணிநேரம் என்று சொல்லிவிடுமே. அவளுக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. இங்கே காகிதத்தில் பெயர் எழுதினால் அது எப்போதும் மேலே போய், திரும்பி வரும்போது எச்சரிக்கைக் கடுதாசியாக வந்தது. விளக்கம் எழுதிக் கொடு, வாக்குமூலம் எழுதிக் கொடு, இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடு. நல்ல செய்திக்காக எவரும் இவர்களிடம் ஒரு தரமும் பேனாவை நீட்டியதில்லை. அப்படியிருக்க, பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டு எழுது என்றால்? மேல் ஸ்டோர் டீமேக்கர் முத்துலிங்கம்தான் முகத்துக்கு நேரே சொன்னார், முப்பத்தோரு வருசம் தேயிலை ஆக்கியவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் இதுல எழுதிட்டா, அப்புறம் முத்துலிங்கம் எதுக்கும்மா? கொப்பியவே டீமேக்கரா போட்டுக்கலாமே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? பட்டீஸ் எடுத்துக்கோங்க ஐயா என்றா? அவர் சொன்னதில் தப்பே இல்லை, எந்த மொத்தக் கடையில் துணி எடுக்கிறீர்கள் என்று வாப்பாவிடம் யாராவது கேட்டால் வாப்பா சொல்வாரா… சொல்ல மாட்டார். தஸ்பீஹ் மணிகளை உருட்ட ஆரம்பித்துவிடுவார்.

அப்படி வாப்பாவை நினைத்த இடத்தில்தான் அது பிடிபட்டது, பிடிபட்ட இடமும் இதே பஸ்தான், இதே டெவன் வளைவுதான், ஆறு கிழமைக்கு முன்னால். வாப்பா, கடைத்தெருவுக்கு மஃறூப் ஹாஜியார், எவரிடமும் எதையும் கேட்டதே இல்லை, பக்கத்துக் கடையில் என்ன விலை போகிறது என்று தெரிய வேண்டுமானால் கேட்க மாட்டார், தப்பாகச் சொல்வார். "இந்தப் பூனம் துணி அங்கால மூவாயிரத்து எண்ணூறாமே, அநியாயம்" என்று தலையை ஆட்டுவார், வந்த பெண்மணிக்கு ரோசம் பொத்துக்கொள்ளும், "யாரு சொன்னா ஹாஜியார், ரெண்டாயிரத்து அறுநூறுதான், நான் இப்பதானே பாத்துட்டு வாறேன்." முடிந்தது. அவர் பாட்டுக்கு மீற்றர் கோலை எடுத்து அளக்க ஆரம்பிப்பார். கேட்டால் மறைக்கிற வாய், தப்பைக் கண்டால் திறந்துகொள்ளும். இதை அவர் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவள்தான் ஏழு வயதில் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யும்போது திருடிக்கொண்டாள். அப்படியானால் கொப்பியிலும்… ஆம்! தானாக ஒரு வரி எழுதினால் அது வாக்குமூலம், அடுத்தவள் எழுதிய முட்டாள்தனத்தைத் திருத்தினால் அது உபகாரம். உபகாரத்துக்கு எவன் கடுதாசி கொடுப்பான்? அன்றைக்கே முதல் தப்பை எழுதினாள், மாசி மாதத்துக் காய்ந்த காற்று அடிக்கத் தொடங்கியிருந்த நேரம், 'காற்றுக் காலத்தில் கொழுந்து மாடியின் மேற்கு ஜன்னல்களை இறுக்க மூடி வைக்கவும்' என்று, அடியில் தன் பெயரையும் துணிச்சலாக விழவிட்டாள்.

நாற்பது நிமிடம். நாற்பதே நிமிடம், மூன்று மாதம் வாய் திறக்காத அழகன், பெரிய எழுத்தில் எழுதிவிட்டார்: 'மேற்கு ஜன்னல மூடக் கூடாது. அந்தக் காத்துதான் கொழுந்துக்கு மணம். மூடுனா புளிக்கும்.' பஸ்ஸிலேயே கத்திவிடப் பார்த்தாள். அதற்குள் கீழ் ஸ்டோர் கிஷாந்துக்குப் பொறுக்கவில்லை, 'அது ஒங்க ஸ்டோருக்கு. எங்களுக்கு மேற்கே மலை மறைக்குது, வடக்கு ஜன்னல்தான்.' அழகன் திரும்ப வந்தார், 'வடக்குல பனித்தண்ணி வரும்.' கிஷாந்த், 'காலையில எட்டு மணிக்கு மேல தொறக்கணும், அது தெரியாதா அண்ணே?' பாலத்து ஸ்டோரிலிருந்து யாரோ நிரஞ்சன், இவர்கள் இரண்டு பேருக்கும் தொழில் தெரியாது என்று தொடங்கி அரைப் பக்கம். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது திருத்தம், ஐம்பது வருடமாக எவரும் எழுதி வைக்காத ஜன்னல் சாஸ்திரம் முழுவதும் வந்து விழுந்துவிட்டது, அடியில் பதினான்கு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அப்புறம் அவள் நிறுத்தவில்லை. ரோலரில் ஒரு தப்பு, சல்லடையில் ஒரு தப்பு, கிழமைக்கு ஆறேழு, பார்த்துப் பார்த்து, பூவேலை செய்கிற கவனத்தோடு, கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் கோணலுமாக நாற்பது தப்புகள் நட்டாள், போன திங்கட்கிழமை நட்டதுதான் சிகரம், 'டிரையரை இருநூற்று அறுபதில் ஓட்டவும்'. புதன்கிழமை காலையில் பார்த்தால் கொப்பி கொதிக்கிறது, நாற்பத்துநான்கு பேராக இருந்தவர்கள் இரண்டே நாளில் நூற்றுப் பதினெட்டு. இதைப் பத்து மணிக்கு எப்படிச் சொல்வது, மூன்று காரணமாகப் பிரித்து, படம் போட்டு… 'ஊழியர்கள் கூட்டாக எழுதும் கருவிகளை ஏற்றுக்கொள்வது எப்படி' என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று.

தலவாக்கலையில் கோவா மூட்டை இறங்கியது, நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து குளிர் ஒரு முறை பஸ்ஸுக்குள் வந்து ஆட்களை எண்ணிவிட்டுப் போனது, காலியான இடத்தில் தொப்பென்று வந்து உட்கார்ந்தவள் ஜெயந்தினி, மேல் ஸ்டோரில் தேயிலை சலிக்கிறவள், தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறாள்.

"அட, மிஸ்! இன்னைக்கி கொழும்பு ஆளு வாறாராமே? நேத்தே ஸ்டோர கழுவ ஆரம்பிச்சிட்டாங்க. மாடியில படுத்துக் கெடந்த பூனையக்கூடக் கழுவிட்டாங்களாம்."

"பூனையையுமா?"

"அழகன் அண்ணன் சொன்னாரு. அவரு சொன்னா பாதிய உதறிட்டுத்தான் கேக்கணும்." பையிலிருந்து மஞ்சள் வாழைப்பழம் ஒன்றை எடுத்து நீட்டினாள், இன்னொன்றைத் தனக்கு உரித்தாள். "ஆனா மிஸ், நீங்க எழுதுறது இருக்கே! இருநூத்தி அறுவதுல டிரையர ஓட்டச் சொன்னீங்களே, தேயிலைக்குப் பதிலா கரி மூட்டை கட்டி அனுப்பலாம். எங்க பேச்சியம்மா அக்கா சிரிச்சு சிரிச்சு வாயில இருந்த தேத்தண்ணி மூக்கால வந்திருச்சு."

ஸாலிஹா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள், அது அவளுக்குக் கைவந்த முகம், "நமக்கு என்ன தெரியும் ஜெயந்தினி, கடைக்காரப் பிள்ளைதானே…" என்று இழுத்தாள், உள்ளே ஒரு பட்டாசுக் கட்டு வெடித்துக்கொண்டிருந்தது.

ஜெயந்தினி வாழைப்பழத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். "போதும் மிஸ், நடிச்சது."

"என்ன?"

"ரெண்டாவது தப்புலயே தெரியும். அழகன் அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு, இந்தப் பொண்ணு வேணும்னுதான் போடுது, நம்ம வாயக் கிண்டுதுன்னு. ஒவ்வொண்ணும் சரியா ஒரு எடத்துல மட்டும் தப்பா இருக்கே, ஒண்ணும் தெரியாத ஆளு எழுதுனா எல்லா எடத்துலயும்ல தப்பா இருக்கும்?"

…பஸ் ஓடியது. லிந்துலைத் திருப்பம், தேயிலைச் சரிவில் கொழுந்துப் பெண்கள் வரிசையாகச் சாக்கு கட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைக் கோவில், ஒரு சிறிய பள்ளி, எல்லாம் ஜன்னலில் வந்து போயின, அவள் எதையும் பார்க்கவில்லை. தெரியுமா? எல்லோருக்கும் தெரியுமா? அப்படியானால் ஆறு கிழமையாக நான் தூண்டிலைப் போட, மீன்களெல்லாம் தூண்டிலைப் பார்த்து, இது தூண்டில் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக வந்து கவ்வினவா, எதற்கு, என்மேல் பரிதாபமா, அந்த நாற்காலிக் கதை இங்கேயும் வந்துவிட்டதா… வாழைப்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். "தெரிஞ்சும் ஏன் திருத்துனீங்க?" என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

"பின்ன? தப்பு அங்கனயே கெடக்கட்டும்னு விடுறதா?" என்றாள் ஜெயந்தினி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல. பிறகு கொஞ்சம் யோசித்து, "அழகன் அண்ணனுக்கு, தான் எழுதலேன்னா கீழ் ஸ்டோர் பயலுக எழுதிருவானுகளேன்னு. எனக்கு, புதுசா வாற புள்ளைகளுக்கு ஒரே கதைய எத்தன தடவ சொல்றது, வாய் வலிக்குது மிஸ், இப்ப கொப்பியப் பாருன்னு சொல்லிட்டு நிம்மதியா தேத்தண்ணி குடிக்கிறேன். ஆனா அதெல்லாம் கொஞ்சப் பேருதான். செவ்வாக்கிழமைக்கு அப்புறம்தானே எல்லாரும் பாஞ்சாங்க."

"டிரையர் தப்புக்கு அப்புறம்."

"டிரையரா? அட, கிஷாந்த் கதை உங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

தெரியாது. அவளுக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது. ஜெயந்தினி கால்களை மடக்கி வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், கதை சொல்லப் போகிறவளின் இருப்பு அது. திங்கட்கிழமை கீழ் ஸ்டோரில் புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர், தூசி வருகிறதென்று வடக்கு ஜன்னல்களை மூடச் சொன்னாராம், ஆட்கள் வேண்டாம் என்று சொல்லியும் மூட வைத்தாராம், ஒரு மாடிக் கொழுந்து முழுவதும் புளித்துப் போனது, புளித்ததும் தான் சொன்னது ஐயாவுக்கு மறந்துவிட்டது, நீ ஏன் மூடினாய் என்று கிஷாந்தின் பெயருக்கு மறுநாள் காலையிலேயே கடுதாசி அடித்தாயிற்று, பெரியதொர, அதாவது தோட்டத்து மனேஜர், முன்னால் விசாரணை. "நம்ம ஆளுக எல்லாம் வெளிய நிக்கிறோம், நான்கூட அன்னைக்கி மூட்டை ஏத்த அங்கதான் போயிருந்தேன், அவ்வளவுதான், கிஷாந்த் போயிட்டான்னு நெனச்சோம். அவன் என்ன செஞ்சான் தெரியுமா மிஸ்? போன எடுத்தான், கொப்பியத் தொறந்தான், மேசை மேல வச்சான். 'வடக்கு ஜன்னல மூடக் கூடாதுன்னு எழுதுனது நான். அடியில எம்பேரு இருக்கு, தேதி இருக்கு, பதினாலு பேரு ஆமான்னு போட்டிருக்காங்க. இப்பிடி எழுதுன நானே போயி மூடுவேனாங்க தொர?'ன்னான்."

"தொர?"

"தொர போன கையில வாங்கி, பேரு, தேதி எல்லாம் பாத்தாரு. அப்புறம் கடுதாசிய எடுத்து நாலாக் கிழிச்சாரு. அந்த ஐயா மொகம் இருந்துச்சே, நம்ம சலிக்கிற தூசி மாதிரி ஆயிருச்சு." ஜெயந்தினி கையைத் தட்டிச் சிரித்தாள், முன்சீட்டில் தூங்கியவர் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கி பின்னேரத்துக்குள்ள மூணு ஸ்டோருக்கும் கதை போயிருச்சு. போன் இல்லாதவங்ககூட வந்து, எம்பேரப் போட்டு எழுது, எம்பேரப் போட்டு எழுதுன்னு நிக்கிறாங்க. பேச்சியம்மா அக்கா சொல்லச் சொல்ல நானே ஒம்பது பக்கம் எழுதியிருக்கேன், வெரலு வீங்கிப் போச்சு. இம்புட்டு நாளும் எழுத்து அவங்க பக்கமே சாட்சி சொல்லிக்கிட்டு இருந்துச்சு மிஸ். இப்ப நம்ம பக்கமும் சொல்லுதுல்ல?"

ஸாலிஹாவுக்குத் தோற்றது மாதிரி இருந்தது, தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியுமா என்றும் இருந்தது, மூன்று காரணம், படம், தலைப்பு, எல்லாவற்றையும் மனதுக்குள் சுருட்டிக் கடைக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிக் குவியலில் எறிந்தாள். நான் என்னவோ என் சாமர்த்தியம் விலை போகிறது என்று ஆறு கிழமையாகக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், அவர்கள் வாங்கியதே வேறு சரக்கு, அது என் கடையில் இருப்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, நான் பெயரும் தேதியும் அடியில் விழவிட்டது அலங்காரத்துக்காக, கம்பனி தந்த கருவியில் அது ஏற்கனவே இருந்தது, நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான் என் பங்கு… இல்லை, அவ்வளவுதானா? ஜன்னல் பக்கத்தை ஆரம்பித்தது யார்? இல்லாத தப்பை அழகன் எப்படித் திருத்தியிருப்பார், அழகன் எழுதாமல் கிஷாந்த் எங்கே வந்திருப்பான், கிஷாந்த் எழுதாமல் அந்தக் கடுதாசி… சரி, விடு ஸாலிஹா, பங்கு பிரிக்காதே. ஒருவன் வேலை தப்பியது. ஒரு கடுதாசி நாலாகக் கிழிந்தது. வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள், இவ்வளவு இனிப்பான பழம் தலவாக்கலையில் எந்தக் கடையில் கிடைக்கிறது?

அக்கரப்பத்தனையை நெருங்கும்போது சிக்னல் திரும்பி வந்தது, ஒரே மூச்சில் பதினேழு அறிவிப்புகள், கைப்பேசி மடியில் துள்ளியது. முதலாவது பெரியதொரவிடமிருந்து. டிரெக்டர் எட்டரைக்கே வந்துவிட்டாராம், கொழுந்து மாடியில் நின்றபடியே ஒரு மணிநேரமாகக் கொப்பியை வாசிக்கிறாராம், எத்தனை பேர் என்று கேட்கவே இல்லையாம், கம்பனியின் மிச்ச எட்டு ஸ்டோருக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும், ஸாலிஹாவே பொறுப்பு, எப்படிச் செய்தார் என்று வந்து சொல்லச் சொல்லுங்கள் என்றாராம். இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை ஜெயந்தினியிடம் நீட்டினாள், ஜெயந்தினி வாய்விட்டு வாசித்து, "ஐயோ மிஸ்!" என்று அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், வலித்தது, இன்னொன்று வைத்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது, நடத்துநர்கூட என்ன என்ன என்று எட்டிப் பார்த்து, நல்ல செய்தி என்று மட்டும் விளங்கிக்கொண்டு நீளமாக ஒரு விசிலடித்தார். பஸ் அதை நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நின்றது, இறங்க வேண்டிய ஒருவரும் இல்லை, சாரதி சிங்களத்தில் நடத்துநரின் பரம்பரையை விசாரித்தார். ஸஜ்ஜாத், கேட்டாயா, பதினொரு ஸ்டோர்! அந்த நாற்காலியை வாப்பாவுக்குக் கொடு, அவருக்கு இடுப்பு வலி.

எப்படிச் செய்தேன்… சொல்லலாம். கிஷாந்தைச் சொல்லலாம், அழகனைச் சொல்லலாம், தூண்டிலை மறைத்துவிடலாமா, கூடாது, அதையும் சொல்லிவிட வேண்டும், எட்டு ஸ்டோருக்கும் போய் எட்டுத் தரமும் தப்பு எழுத முடியாது, கதை அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மேல் ஸ்டோர் வாசலில் இறங்கி, ஜெயந்தினி சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு சலிக்கும் அறைப்பக்கம் ஓடிவிட்டாள், "கெலிச்சிட்டு வாங்க மிஸ்!" காய்ந்த காற்று மேற்கிலிருந்து அடித்தது, நாலு மாடியிலும் மேற்கு ஜன்னல்கள் முழுக்கத் திறந்து கிடந்தன, அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, மிச்ச அறிவிப்புகளைப் படியேறிக்கொண்டே திறந்தாள், நிரஞ்சன், பேச்சியம்மா சொல்ல வேறு யாரோ, அழகன், அழகன், கிஷாந்த், அம்மாக்கண்ணு, யார் இந்த அம்மாக்கண்ணு, புது ஆள், வரட்டும்… பதினேழாவதில் கால் நின்றது.

முத்துலிங்கம். இன்று காலை ஏழு மணி ஐந்து நிமிடம். அந்தப் பெயர் கொப்பிக்குள் வருவது இதுதான் முதல் தடவை. பரபரவென்று திறந்தாள். முப்பத்தோரு வருசத்தில் ஒரு துளியாவது இறங்கியிருக்கும் என்று பார்த்தால், அவர் புதிதாக எதையும் எழுதவில்லை, ஸாலிஹா நட்ட நாற்பது தப்பில் இதுவரை எவரும் தொடாமல் விட்டிருந்த ஒன்றின் அடியில் ஒரே ஒரு சொல் போட்டிருந்தார். 'மூடுபனி கட்டிய காலையில் ரோலரின் முதல் சுற்றை ஐந்து நிமிடம் குறைக்கவும்' என்ற வரி அது. அதற்குக் கீழே: 'சரி.'

சரியா? எப்படிச் சரியாகும்? மற்றவற்றையாவது யாரோ சொன்ன உண்மையை முறுக்கி எழுதினாள், இதை அப்படியும் எழுதவில்லை, ஒரு நாள் பஸ் மூடுபனியில் நின்றுவிட, பொழுது போகாமல், ஜன்னலில் விரலால் கோடு போட்டுக்கொண்டே தலையிலிருந்து எடுத்து எழுதியது, ஐந்து என்பது அவள் கையில் விரல் ஐந்து இருந்ததால். அப்படியானால் அழகனும் கிஷாந்தும் நூற்றுச் சொச்சம் பேரும் அதைத் தொடாமல் விட்டது உண்மை என்பதாலா? கண்ணை மூடி எறிந்த கல் குறியில் விழுந்ததா? இல்லை, பொய் என்று தெரிந்தே, முப்பத்தோரு வருசத்தை ஒரு சொல்லுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, இப்போது நீ வந்து கேள் என்று அவர்… யார் யாரை அளந்துகொண்டிருக்கிறார்கள்? எதிராளி என்ன விலை நினைக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு, அந்த ஒற்றைச் சொல்லில் பிடித்துப் பார்க்க ஒரு மடிப்பும் இல்லை.

மேல் மாடியில் டிரெக்டரின் குரல் கேட்டது, அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்கிறார், பத்தாக இன்னும் கால் மணிநேரம் இருந்தது. இந்தப் பக்கம், கொழுந்து பரப்பிய தட்டின் ஓரத்தில் முத்துலிங்கம் தனியாக நின்றிருந்தார், ஒரு பிடி அள்ளி, இறுக்கி, விரலைத் திறந்து அது எப்படி அவிழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தப்பைச் சொல்லி வாங்கிவிடலாமா என்று நாக்கின் நுனி வரைக்கும் ஒன்று வந்தது, ஐயா, ஐந்து போதாதாம், பத்து குறைக்கச் சொல்கிறார்கள், என்று… விழுங்கினாள். கேட்கத்தான் வேண்டும். தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொல்லி, ஒரு மனிதரிடம் நேராகக் கேட்க வேண்டும், முப்பத்துமூன்று வயதில் அதை எப்படிச் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, குரல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும்… "ஐயா," என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார், உள்ளங்கையில் கொழுந்து மெல்ல அவிழ்ந்துகொண்டிருந்தது, அவள் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டு நின்றாள்.